ஏழாவது படத்தின் மோதிரவிரல்

திரேஸ்புரம் கடற்கரையில் காலை ஏலம் கூறி முடித்துவிட்டு, வாசலில் கால் கழுவி உள்ளே வந்த அமலோற்பவம், மகளின் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். அதே பாலம், அதே இருவர், அதே உயரத்தில் அதே வாள். மூன்று நாளாக அது கீழே இறங்கவில்லை.

"ஏட்டி, இன்னுமா வெட்டி முடிக்கல? இந்நேரம் நம்ம ஊர்ப் பயலுவளா இருந்தா வெட்டி, உள்ள போயி, ஜாமீன்ல வெளிய வந்திருப்பானுவ."

"வெட்டப்போறது அவன் இல்லம்மா. அந்தப் புள்ள. அவன் அவளுக்கு அண்ணன்."

"கூடப்பிறந்த அண்ணனையா? நல்ல குடும்பம்தான்" என்றபடி அமலோற்பவம் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்தாள்.

ஜெனிட்டாவுக்கு இருபத்தாறு வயது. பிற்பகல் இரண்டு மணிக்குத் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்துக்குப் போய் கன்டெய்னர் எண்களைத் தட்டச்சு செய்வது அவள் வேலை. அங்கே அவள் யாரோ ஒருத்தி. காலை நேரத்திலோ அவள் 'மெதுமீன்'. அந்தப் பெயரில் இருக்கும் சேனலை ஒன்பது லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஜப்பானிய அனிமே படங்களில் இருந்து, அதிலும் இருட்டும் சாபமும் பேயரசர்களும் நிறைந்தவையாகப் பார்த்து, ஒரு சண்டையின் சில விநாடிகளை எடுத்து, வெண்ணெய் உருகுவதுபோல மெதுவாக்கி, இசையோடு கோத்துத் தருவாள். எட்டு வருடத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு எடிட்டுகள். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று கேட்கிறவர்கள் அவற்றில் ஒன்றையாவது பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். பார்த்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

இப்போது அவள் கையில் இருந்தது 'எலும்பு மழை'. வானத்திலிருந்து எலும்பு பொழியும் ஒரு நாட்டில், சாபம் பிடித்த வாள்வீராங்கனை தொமேயியின் கதை. பதினோராம் பாகத்தில், பேயாக மாறிவிட்ட அண்ணன் கதேருவை உடைந்த பாலத்தின் மேல் அவள் எதிர்கொள்கிறாள். அவன் வாளை ஓங்கி அசையாமல் நிற்கிறான். அவள் பாய்கிறாள். மொத்தம் நான்கே விநாடி. அந்த நான்கு விநாடியை ஜெனிட்டா ஒரு நிமிடம் ஐம்பது விநாடியாக நீட்டிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா ஓட்டணும்னா பட்டனைத் தட்டினா ஓடப்போவுது. அதுக்கு எதுக்குட்டி மூணு நாளு?" என்றாள் அமலோற்பவம்.

"சும்மா மெதுவாக்குனா விட்டு விட்டு ஓடும்மா. இது கையால வரைஞ்ச படம். ஒரு விநாடிக்குப் பன்னெண்டு படம்தான் வரைஞ்சிருக்கான். இழுத்தா நடுவுல ஓட்டை தெரியும். அந்த ஓட்டையில படம் போட சிலந்தின்னு ஒரு ஆப் இருக்கு. இந்தப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல என்ன இருந்திருக்கும்னு அதுவே யோசிச்சு நூறு படம் நெய்யும்."

"பொறவு நீ என்ன செய்யுத?"

ஜெனிட்டாவுக்குச் சிரிப்பு வந்தது. சிலந்தி எல்லாரிடமும்தான் இருக்கிறது. ஆனால் எங்கே ஓடவிட வேண்டும், எங்கே மூச்சைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்று சிலந்திக்குத் தெரியாது. தொமேயியின் கால் பாலத்தைவிட்டு எழும்வரை புயல்போல ஓட்டி, அவள் கூந்தல் முகத்தில் விழும்போது இழுத்துப் பிடித்து, ஒரு சிறு எலும்புத் துண்டு அவள் தோளைத் தொட்டு உடையும்போது அநேகமாக நின்றேவிட்டு, பார்ப்பவன் 'ஐயோ' என்று சொல்லும் முன் மறுபடி அவிழ்த்துவிட வேண்டும். இந்த வித்தை ஜெனிட்டாவுக்குக் கைவந்திருந்தது. எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது.

"முதல்ல கழிக்கணும்மா. ஒரே மாதிரி இருக்க படத்தையெல்லாம் தூக்கிப் போடணும். இல்லேன்னா சிலந்தி குழம்பிப்போயிரும், படம் விக்கும். இந்தா பாரு, அண்ணன் அசையாம நிக்கான்ல? இதுல ஒம்பது படம். ஒம்பதும் ஒண்ணுதான். எட்டைத் தூக்கிட்டேன்."

தூக்கியதை அவள் அழித்துவிடுவதில்லை. எடிட் செய்யும் கூட்டத்தாருக்குள் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கழித்த படங்களை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வைப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் சவக்கிடங்கு. போட்டதோடு சரி, யாரும் திறந்து பார்ப்பதில்லை.

"இழுக்காம ஒரு தடவை ஓட்டு. என்னதான் நடக்குன்னு பாப்போம்" என்றாள் அமலோற்பவம்.

ஜெனிட்டா மூலப்படத்தை அப்படியே ஓட்டினாள். நான்கு விநாடி. வாள் மின்னியது, பாலம் நொறுங்கியது, முடிந்தது.

"அதான பாத்தேன்" என்று எழுந்தாள் அமலோற்பவம். "அவன் விரல எடுத்துட்டாம்லா. தங்கச்சி ஜெயிக்கட்டும்னு விட்டுக் குடுத்துட்டான். பேயா இருந்தாலும் அண்ணன்தான். சரி, எந்திரி. சோறு வடிக்கணும்."

"விரலும் எடுக்கல, ஒண்ணும் எடுக்கல. இந்த சீனை நான் பதினாறாயிரம் தடவை பாத்திருக்கேன். வெயில்ல நின்னு கண்ணு கட்டிப்போச்சு ஒனக்கு."

அதைச் சொல்லும்போது ஜெனிட்டாவுக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. காரணம் இருந்தது. அந்தத் தொடரின் இரண்டாம் பருவத்தில், பாலத்தில் அண்ணன் வேண்டுமென்றேதான் தோற்றான் என்று கதை போனது. ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வருடக்கணக்கில் அடித்துக்கொண்டார்கள். பாலத்துக் காட்சியில் அதற்கு ஒரு தடயமும் இல்லை, இயக்குநர் ஒகுனிஷி பிறகு யோசித்து ஒட்டவைத்தார் என்ற கட்சிக்கு மெதுமீன்தான் பெரிய சாட்சி. சொல்ல வேறு யாருக்குத் தகுதி?

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடிட் வெளிவந்தது. திங்கட்கிழமைக்குள் பதினோரு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். பிரேசிலில் இருந்து ஒருவன், தன் பாட்டு வகுப்பில் இதைப் போட்டு மூச்சுப் பயிற்சி கொடுத்ததாக எழுதினான். புதன்கிழமை, அவள் இதை அனுப்பியிருந்த ஸ்லோமோ எடிட் போட்டியான நிதானக் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு மூன்று பெயர்கள் அறிவித்தார்கள். அதில் ஒன்று மெதுமீன். ஜெனிட்டா அலுவலகக் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழத்தான் வேண்டும். அந்தக் கோப்பையை ஜெயிக்கிறவர் ஒசாகாவில் ஒகுனிஷியின் பக்கத்து மேசையில் ஆறு மாதம் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பதினேழு வயதில் அவருடைய ஒரு சண்டைக்காட்சியைப் பார்த்துவிட்டு ஜெனிட்டா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது அந்த மேசை ஒன்றுதான்.

போட்டிக்கு ஒரு நிபந்தனை இருந்தது. படத்தின் உரிமை வைத்திருக்கும் நிறுவனம் தரும் கோப்பிலிருந்து மட்டுமே எடிட் செய்ய வேண்டும். அது 'நீரோட்டம்' செய்த கோப்பு. பத்து வருடத்துக்கு முன்னால் தொலைக்காட்சிப் பெட்டிகளில் வந்த சின்ன வசதிதான் நீரோட்டம். எந்தப் படத்தையும் வழுவழுவென்று ஓடவைக்கும். மக்களுக்குப் பிடித்துப்போயிற்று. பிறகு நிறுவனங்களே தங்கள் மூலப்பிரதிகளை அந்த இயந்திரத்தில் போட்டு எடுத்து, பழையதை அழித்துவிட்டன. கரடுமுரடு போயிற்று, கோட்டின் நடுக்கம் போயிற்று. பழைய பிரதி வைத்திருப்பது உரிமை மீறல் என்று சட்டமும் வந்தது. இப்போதைய குழந்தைகளிடம் அனிமே என்பது தனித்தனிப் படமாக வரையப்பட்டது என்றால் நம்பமாட்டார்கள்.

ஆனால் அந்தக் கோப்பிலிருந்து நல்ல ஸ்லோமோ செய்ய முடியாது. யாரோ மென்று துப்பிய கரும்பில் சாறு பிழிவதைப் போன்றது அது. ஜெனிட்டாவிடம் பள்ளிக்கூட நாளில் இறக்கிய பழைய பிரதி, முதல் ஒளிபரப்பின் முத்திரையோடு, ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. டிஸ்க் அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்தது. விஷயம் தெரிந்த எடிட்டர்கள் எல்லாருமே இப்படித்தான். யாரும் வெளியே சொல்வதில்லை.

வியாழக்கிழமை காலை, ஆயிரக்கணக்கான வாழ்த்துகளுக்கு நடுவே, படமில்லாத ஒரு கணக்கிலிருந்து ஒரு வரி வந்திருந்தது. 'மிக அழகு. மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் ஏழாவது படத்தைக் காணோமே?'

ஜெனிட்டா அந்த வரியை மறுபடி படித்தாள். அண்ணன் அசையாமல் நிற்கும் இடத்தில் ஒன்பது படங்கள் இருந்தன என்பது நீரோட்டப் பிரதியைப் பார்த்தவனுக்குத் தெரியவே தெரியாது. எண்ணி ஏழாவது என்று சொல்ல இரண்டே வகை ஆட்களால்தான் முடியும். பழைய பிரதி வைத்திருப்பவர், அல்லது வரைந்தவர்.

அவள் பதில் போட்ட அரைமணி நேரத்தில் வீடியோ அழைப்பில் எதிரே இருந்தது நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பெயர் தாட்சாயணி. ஊர் சென்னை, அம்பத்தூர். கேக் கடை ஒன்றில் பிறந்தநாள் கேக்குகளின் மேல் பொம்மை வரைகிறவர். மூக்குக்கண்ணாடியில் ஒரு துளி இளஞ்சிவப்பு கிரீம் ஒட்டியிருந்தது.

"ஒன்பது வருஷம் முன்னாடி இங்க இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்ல, மூணாவது மாடியில, ஃபேன்கூட இல்லாம ஒரு ஸ்டுடியோ இருந்துச்சுங்க. ஜப்பான்ல முக்கியமான படங்களை மட்டும் வரைஞ்சு அனுப்புவாங்க. நடுவுல வர்றதை நாங்க நாப்பது பேர் உட்கார்ந்து போடுவோம். பாலத்து சீன் நான் பண்ணது. முப்பத்தெட்டு படம்."

"அக்கா! நீங்களா?" ஜெனிட்டா எழுந்தே நின்றுவிட்டாள். அவள் கைதட்ட ஆசைப்பட்டவர்களில் ஒருவர் மூன்றாம் மாடியில் மின்விசிறி இல்லாமல் வரைந்த தமிழ்ப் பெண் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. "அந்த அண்ணன் நிக்கற இடம்... ஒரே படத்தை ஏன்க்கா ஒம்பது தடவை வரைஞ்சீங்க? ஒண்ணை வரைஞ்சு அப்படியே நிறுத்தியிருக்கலாமே?"

"டைரக்டர் வேணாம்னுட்டார். ஒண்ணையே நிறுத்தினா பொணம் மாதிரி இருக்கும், ஒன்பது தடவை கையால வரைங்க, கோடு கொஞ்சம் கொஞ்சம் நடுங்கும், அப்போதான் ஆள் உயிரோட நிக்கறான்னு தெரியும்னார். அதுல ஏழாவதுல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன். மோதிரவிரலை வரைய மறந்துட்டேன்." தாட்சாயணி வெட்கப்பட்டுச் சிரித்தார். "மூணு ஷிஃப்ட்டா தூங்கல. கவனிக்காமலே அனுப்பிட்டேன். போயும் சேர்ந்துடுச்சு."

பிறகு விஷயத்துக்கு வந்தார். ஒகுனிஷி முழுக்க முழுக்கக் கையால் வரையப்போகும் ஒரு படத்துக்கு ஆள் எடுக்கிறார். தாட்சாயணி விண்ணப்பித்திருக்கிறார். ஏழாவது படத்தில் விரல் விட்டுப்போனதைக்கூட அடையாளமாக அதில் எழுதியிருக்கிறார். உரிமை நிறுவனம் பதில் போட்டிருக்கிறது: எங்கள் பதிவேட்டின்படி அந்தத் தொடரின் இடைப்படங்கள் அனைத்தும் இயந்திரம் வரைந்தவை, நீங்கள் சொல்லும் படம் எங்கள் பிரதியில் இல்லை, சனிக்கிழமைக்குள் ஆதாரம் தராவிட்டால் பொய்த் தகவல் தந்ததாகக் குறிக்கப்படும்.

"ஸ்டுடியோவை மூடிட்டாங்க. காகிதமெல்லாம் எடைக்குப் போயிடுச்சு. நீரோட்டம் என் தப்பைத் திருத்தி விரலை ஒட்ட வெச்சிடுச்சு. உலகத்துல நான் வரைஞ்சேங்கறதுக்கு அந்தத் தப்பு ஒண்ணுதாங்க சாட்சி. உங்க எடிட்ல கோடு நடுங்குது. அதனால உங்ககிட்ட பழைய பிரதி இருக்கும்னு நெனச்சேன்."

ஜெனிட்டாவின் வாயிலிருந்து அவள் யோசிக்கும் முன்பே வந்தது. "இல்லக்கா. நான் கம்பெனி குடுத்த கோப்புலதான் செஞ்சேன்."

"அப்படியா? சரிம்மா. என் கண்ணுக்கு அப்படித் தோணிடுச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. கோப்பை உங்களுக்குத்தான் கிடைக்கும், பாருங்க" என்றார் தாட்சாயணி. திரையை அணைக்கப் போனவர் நின்று, "அந்தக் கம்மல் நல்லாருக்கே, மீனா அது?" என்று கேட்டார்.

"ஆமாக்கா. ரெண்டு வாலுள்ள மீன். பனிமய மாதா கோயில் திருவிழாவுல அம்மா வாங்கித் தந்தது."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கம்மலை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனதுதான் ஜெனிட்டாவைக் கொன்றது. எட்டு வருடத்தில் முதன்முறையாகச் சவக்கிடங்கைத் திறந்தாள். எட்டுப் படங்கள் வரிசையாகக் கிடந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு.

வாளின் பிடியில் மூன்று விரல்கள்தான் இருந்தன. மோதிரவிரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அது விட்டுப்போன விரல் என்று சொன்னால்தான் தெரியும். சொல்லாவிட்டால், பிடியைத் தளர்த்தத் தூக்கிய விரல் என்றுதான் கண் எடுத்துக்கொள்ளும். பன்னிரண்டில் ஒரு பங்கு விநாடி, கதேரு தன் தங்கைக்காகப் பிடியை விடுகிறான்.

அம்மா பார்த்திருந்தாள். மீன் கூடைக்கு ஏலம் கூறுகிறவள், ஒரே தடவையில், ஓடும் படத்தில் பார்த்திருந்தாள். பதினாறாயிரம் தடவை பார்த்த மெதுமீன், ஒன்பதும் ஒன்றுதான் என்று குப்பையில் தள்ளியிருந்தாள். ஜெனிட்டாவுக்கு அவமானத்தில் காது சுட்டது.

மறுநாள் காலை அவள் கடற்கரைக்குப் போனாள். நாட்டுப்படகுகள் கரையேறியிருந்தன. சீலா மீன் குவியலுக்கு அமலோற்பவம் ஏலம் கூறிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் வியாபாரிகள் நின்றார்கள். யாரும் வாய் திறப்பதில்லை. பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் ஒருவன் புருவத்தைத் தூக்குவான், ஒருவன் விரலை அசைப்பான். அதைப் பிடிக்கத் தெரிந்தவளுக்குத்தான் ஏலம் கூறும் உரிமை. கடைசி முறை கூறி முடித்ததும் தடித்த ஆசாமி ஒருவர் கூடையில் கை வைத்துவிட்டார். அமலோற்பவம் அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"அண்ணாச்சி, பொறுங்க. அந்தால சேவியரு விரல் அசைச்சாரு. மீனு அவருக்கு."

"நான் காதச் சொறிஞ்சேன் ஆத்தா!" என்று பதறினார் சேவியர். கூட்டம் சிரித்தது.

"சொறிஞ்சியளோ, தடவினியளோ. நான் கண்டுட்டேன். கண்டது கண்டதுதான். எடுத்துட்டுப் போங்க."

ஏலம் ஓய்ந்ததும் ஜெனிட்டா எல்லாவற்றையும் சொன்னாள். கோப்பையை, ஒசாகா மேசையை, தாட்சாயணியை, தான் சொன்ன பொய்யை. சொல்லிவிட்டு, "படத்தை அனுப்பினா நான் பழைய பிரதி வச்சிருக்கது வெளிய வந்துரும்மா. போட்டியில இருந்து தூக்கிருவாவ. சேனலையே அழிச்சிருவாவ. எட்டு வருசம்மா" என்றாள்.

அமலோற்பவம் கையிலிருந்த செதிலைச் சேலையில் துடைத்தாள். மகள் அந்த மேசைக்காக எத்தனை வருடம் ஏங்கினாள் என்பது அவளுக்குத் தெரியாதா?

"அனுப்புன்னு நான் சொல்ல மாட்டேன் புள்ள. ஓம் பொழப்பு, ஓம் இஷ்டம். ஆனா ஒண்ணு. இந்தக் கரையில முப்பது வருசமா நிக்கேன். வெலையைக் குறைச்சுக் கூறியிருக்கேன், ஆளு பாத்துத் தள்ளிக் குடுத்திருக்கேன், பாவம்லாம் செஞ்சிருக்கேன். கண்ட விரலைக் காணலைன்னு மட்டும் சொன்னதில்ல. அன்னைக்குச் சொன்னா மறுநா இங்க எவனும் எம் முன்னால விரலத் தூக்க மாட்டான்."

ஜெனிட்டா வீட்டுக்கு வந்து அரிசிப் பானையை நகர்த்தினாள். மூலப்பிரதி முழுவதையும் முத்திரையோடு தாட்சாயணிக்கு அனுப்பினாள். அதையே போட்டிக்குழுவுக்கும் அனுப்பினாள். 'என் எடிட் இதிலிருந்து செய்யப்பட்டது. ஏழாவது படத்தை நான் கவனிக்காமல் நீக்கினேன். அது திருமதி தாட்சாயணி வரைந்தது' என்று மூன்று வரி எழுதினாள். நாலாவது வரி எழுத எதுவும் இல்லை.

திங்கட்கிழமை மெதுமீனைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு வெற்றுப் பக்கம் வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டும் போய்விட்டன. கோப்பை போலந்துக்காரன் ஒருவனுக்குக் கிடைத்தது. அவனும் பழைய பிரதியில்தான் செய்திருந்தான் என்பது ஜெனிட்டாவுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அவள் காட்டிக்கொடுக்கவில்லை. நல்ல எடிட் அது. தொலையட்டும்.

நான்கு மாதம் கழித்து தாட்சாயணி அழைத்தார். பின்னால் ஜன்னலில் பனி தெரிந்தது.

"ஜெனிட்டா, ஒசாகால இருந்து பேசறேன்!"

"அக்கா!" என்று கத்தினாள் ஜெனிட்டா. மனதின் ஓர் ஓரத்தில் சுருக்கென்றது. அந்த மேசைதான் அது. ஆனால் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது. அதில் பொய்யில்லை.

"ஒண்ணு கேளு. நீ அனுப்பின படத்தை சார் பெருசாக்கிப் பார்த்தார். பார்த்துட்டு சொல்றார், 'ஒன்பது வருஷமா இதைத் தேடறேன்'னு. அப்போ படம் வந்து சேர்ந்தப்போ அவர் கண்ணுல அது பட்டிருக்கு. இந்தியால யாரோ ஒருத்தர் இந்த அண்ணனை என்னைவிட நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்காங்கன்னு நெனச்சாராம். ரெண்டாவது பருவம் முழுக்க அந்த விரல்லதான் எழுதினாராம். வரைஞ்சது யார்னு கம்பெனியக் கேட்டா, மெஷின்னு சொல்லிட்டாங்க. மெஷினுக்குத் தங்கச்சி மேல பாசம் வருமான்னு சண்டை போட்டிருக்கார்."

இத்தனை வருடச் சண்டை, இரண்டு கட்சி, லட்சம் பேர் அழுத கதை, எல்லாம் அம்பத்தூரில் தூக்கம் கெட்ட ஒரு கை விட்ட ஒரு விரலில் இருந்து வந்தது. ஜெனிட்டாவுக்கு அது ஓர் அற்புதமாகவே தோன்றியது.

"அக்கா... அது தப்புன்னு அவர்ட்ட சொன்னியளா?"

"விண்ணப்பத்துலயே எழுதியிருந்தேனே. கம்பெனி அவர் கண்ணுல காட்டல போல. நேர்லயும் சொன்னேன், பயந்துகிட்டே. சிரிச்சார். 'வரைஞ்சப்போ தப்பா இருந்திருக்கும். நான் பார்த்துட்டேன், இனிமே அது தப்பில்ல'ன்னார்."

அன்று ராச்சாப்பாட்டுக்கு உட்காரும்போது ஜெனிட்டா இதை அம்மாவிடம் சொன்னாள். "அந்த ஆளு ஏலம் கூறப் போயிருக்கலாம்" என்றாள் அமலோற்பவம்.

ஜெனிட்டா வேறு பெயரில் ஒரு சேனல் தொடங்கினாள். நாற்பத்திரண்டு பேர் பின்தொடர்ந்தார்கள். வேலை செய்யும் முறையில் ஒன்றே ஒன்று மாறியது. கழிக்க உட்காரும் முன், அம்மாவைக் கூப்பிட்டு மூலப்படத்தை ஒரு தடவை ஓட்டிக் காட்டுவாள். அமலோற்பவம் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துவிட்டு, "கழி" என்பாள், அல்லது "நில்லு" என்பாள்.

ஒன்றரை வருடம் கழித்து ஒகுனிஷியின் கைவரைப் படம் வந்தது. நீரோட்டம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையோடு அவர் அதை வெளியிட்டார். ஸ்லோமோ ரசிகர்களுக்கென்று மூன்று காட்சிகளைத் தனியாக, அப்படியே, இலவசமாகவும் விட்டிருந்தார்கள். ஜெனிட்டா முதல் காட்சியைத் திறந்தாள். எரியும் கோட்டையின் உச்சியில் ஒரு பேயரசி, தன்னைக் கொல்ல வருகிறவனை எதிர்பார்த்து அசையாமல் நிற்கிறாள். பதினாலு படங்கள். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"அம்மா, வா. ஒரு தடவை பாரு."

அமலோற்பவம் ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தாள். காட்சி ஓடியது. கோட்டை சரிந்தது. முடிந்தது.

"நில்லு" என்றாள். "அந்த ராணி வெறுங்காதோடல்லா நிக்கா. நடுவுல ஒரு தடவை மட்டும் கம்மல் போட்டிருக்கா."

"கம்மலா?"

"ஆமா. ஓம் கம்மல்தான். ரெண்டு வாலுள்ள மீனு."

ஜெனிட்டா ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். ஆறு வரை வெறும் காது. ஏழாவதில் மீன். எட்டில் மறுபடி வெறும் காது. அவள் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சவக்கிடங்குக்குப் பதின்மூன்று படங்களை அனுப்பினாள். மிஞ்சிய ஏழாவதில் இருந்து நெய்யத் தொடங்கினாள்.